பாங் கலக்காத ஹோலி

ஹோலியன்று தில்லியில் பச்சை நிறத்தில் பாலை நீட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கஞ்சா இலை அரைத்த பாங். வாங்குகிறவர் முதலில் கொடுப்பவர் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் டம்ளரை. அப்புறம் தன் மனைவி எங்கே நிற்கிறாள் என்று சுற்றுமுற்றும். எண்பதுகளில் எங்கள் வீட்டு வாசலில் இந்த மூன்று பார்வையும் வருஷா வருஷம் நடந்தது. அம்மா அதில் போட்டது புதினாவும் சர்க்கரையும் கொஞ்சம் பாதாமும் ஏலமும்தான். சொன்னால் யாரும் நம்பியதில்லை.

நாங்கள் இருந்தது மந்திர் மார்கை ஒட்டிய அரசு க்வார்ட்டர்ஸில். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தச் சாலைக்கு ரீடிங் ரோடு என்று பெயர், வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபுவின் நினைவாக. 1939-இல் பிர்லா மந்திரைத் திறந்துவைக்கக் காந்தி ஒப்புக்கொண்டபோது, எந்தச் சாதிக்காரரையும் தடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். பிற்பாடு கோயிலை வைத்தே சாலைக்குப் பெயர் வந்தது. அதே சாலையில் வால்மீகி மந்திர் இருக்கிறது. 1946-இலும் 47-இலும் காந்தி தில்லிக்கு வந்தபோது பலமுறை அங்கே, துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் தங்கினார். காளி பாடி, புத்த விகாரம், வங்காளிகளின் பள்ளி, எங்கள் தமிழ்ப் பள்ளி எல்லாம் ஒரே சாலையில். அப்பாவின் நண்பர்கள் எங்கள் பள்ளியைக் கடைசிவரை மதராஸி ஸ்கூல் என்றேதான் சொன்னார்கள். மேற்கே ரிட்ஜ் காடு. விடியற்காலையில் மயில் அகவும். பகலில் குரங்கு வந்து துணியையும் தொட்டியையும் கலைக்கும். கிழக்கே நடந்தால் கோல் மார்க்கெட், அதைத் தாண்டினால் கனாட் பிளேஸ். செக்ரடேரியட்டுக்குச் சைக்கிளில் போய்விடலாம் என்பதால்தான் தெற்கிலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் இவ்வளவு சேர்ந்தன.

அந்தக் குடும்பங்களில் பலவும் ஹோலியன்று காலையிலேயே உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். ஒரு காரணம், மார்ச் மாதத்துப் பரீட்சை. தண்ணீரில் நனைந்து ஜுரம் வந்துவிட்டால் கணக்குப் பேப்பரை யார் எழுதுவது? இன்னொரு காரணம், முன்பின் தெரியாத ஆண்கள் கூட்டமாக வந்து கன்னத்தில் வண்ணம் பூசுவதை எங்கள் அம்மாக்களால் ஏற்க முடியவில்லை. இதில் நான் அவர்கள் பக்கம்தான். ‘புரா நா மானோ’, தப்பாக எடுத்துக்கொள்ளாதே, என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற உரிமை எனக்கும் அன்று பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு பையன்கள் ஓடிவிடுவார்கள். ஹோலி முடிந்து பரீட்சைக்கு வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்குக் காது மடலும் நகக்கண்ணும் ரோஜா நிறத்தில் இருக்கும். மேற்பார்வைக்கு வந்த டீச்சருக்கும்தான்.

அம்மா கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமம். ஹோலியைக் கண்டு அவள் மிரளவில்லை என்பதற்கு அந்த ஊர்தான் காரணம் என்று நினைக்கிறேன். அதே பௌர்ணமியை ஒட்டி அங்கே காமன் பண்டிகை. கரும்பும் ஆமணக்குக் கிளையும் நட்டு, காமனை எரித்து, அவன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து விடிய விடிய லாவணி பாடுவார்கள். முதல் நாள் இரவு க்வார்ட்டர்ஸ் மைதானத்தில் விறகை அடுக்கி ஹோலிகாவைக் கொளுத்தியபோது அவள் பால்கனியில் நின்று, “இங்கே எரிச்சுட்டுப் பாட்டுப் பாடாம போறாளே” என்றுதான் குறைப்பட்டாள். மறுநாள் வண்ணத்துக்கு மட்டும் வெளியே வரமாட்டாள். ஆனால் மதியம் எல்லோரும் குளித்துவிட்டு வீடு வீடாகப் போகும் நேரம் இருக்கிறதே, அதற்குக் கதவைத் திறந்து வைப்பாள்.

இங்கேதான் சிக்கல். மேல்மாடியில் மதுராவைச் சேர்ந்த குடும்பம். தென்மதுரை இல்லை, கிருஷ்ணன் பிறந்த மதுரா. அந்த ஆன்ட்டி பத்து மணிக்கே ஒரு தட்டு நிறைய குஜியாவும் மட்ரியும் கொடுத்தனுப்பிவிடுவாள். தட்டை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் அவர்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. முதலில் சில வருஷம் அம்மா முறுக்கும் ரவா லாடும் வைத்துத் திருப்பினாள். சாப்பிட்டார்கள். ஆனால் காலை முழுவதும் வெயிலில் கத்தி, குலால் பொடியை விழுங்கி, எண்ணெய்ப் பலகாரமும் தின்று வந்தவர்களுக்கு வேண்டியது தண்ணீரோ மோரோதான் என்பதை அவள் கவனித்திருக்கிறாள். மற்ற வீடுகளில் அதற்குத் தண்டாய் இருந்தது. பாதாம், கசகசா, பூசணி விதை, சோம்பு, மிளகு, ஏலம், ரோஜா இதழ் எல்லாவற்றையும் ஊறவைத்து அரைத்துப் பாலில் கலப்பது. அதை நாமும் செய்தால் ‘மதராஸி வீட்டுத் தண்டாய்’ என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு ஒப்பிடப்படுவது பிடிக்காது. யாரிடமும் இல்லாத ஒன்றைச் செய்துவிட்டால் ஒப்பீட்டுக்கே இடமில்லை என்பது அவள் கணக்கு.

கனாட் பிளேஸ் ஏ பிளாக்கில் கெவென்டர்ஸ் கடையில் கண்ணாடிப் பாட்டிலில் மில்க் ஷேக் விற்பார்கள். போனஸ் வந்த மாதத்தில் அப்பா எங்களை அழைத்துப் போவார். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “பாலும் சர்க்கரையும். இதுக்கு இத்தனை காசா?” என்று பாட்டிலை என்னிடம் தள்ளிவிட்டாள். ஆனால் நுரை எப்படி நிற்கிறது, எவ்வளவு சில்லென்று இருக்கிறது, குழாயில் உறிஞ்சும்போது எவ்வளவு கெட்டி என்பதையெல்லாம் பார்த்துவைத்துக்கொண்டாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. புதினாவுக்குப் பஞ்சமில்லை. பின்புறக் குழாயடியில், பாத்திரம் தேய்த்த தண்ணீர் போகிற ஈரத்தில், மார்க்கெட்டில் வாங்கிய கட்டின் காம்புகளைச் செருகிவைத்திருந்தாள். தில்லிக் குளிரில் அது தரையோடு தரையாகக் கருகிவிடும். பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறியதும் தளிர்விட்டு, ஹோலி வரும்போது குழாயடியே தெரியாதபடி மண்டிவிடும். அந்தத் தளிருக்கு வாசனை உண்டு, கசப்புக் குறைவு. மே மாதத்துப் புதினா துவையலுக்குத்தான் லாயக்கு.

பாலில் புதினா சேர்ப்பது கேட்பதற்குச் சுலபம். காய்ச்சிய சூடான பாலில் அரைத்த விழுதைப் போட்டால் நிறம் மிலிட்டரிக்காரர் சட்டை மாதிரி ஆகிவிடும். சில சமயம் ஓரத்தில் பிசிறு பிசிறாகத் திரியவும் செய்யும். அம்மா ஒரு பாத்திரம் பாலை அப்படி இழந்த பிறகுதான் வழிக்கு வந்தாள். இலையின் பச்சைக்குக் காரணமான குளோரோபில்லின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. அதிகச் சூட்டிலும் இலையிலேயே இருக்கிற புளிப்பிலும் அந்த அணு கழன்றுகொள்ள, பச்சை பழுப்பாகிவிடுகிறது. இலை நசுங்கிக் காற்றுப் பட்டதும் வேலை செய்யும் நொதிகள் வேறு இன்னொரு பக்கம் கறுக்கவைக்கும். இதெல்லாம் நான் கல்லூரியில் படித்தது. அம்மாவுக்குக் குளோரோபில் தெரியாது. கொதிக்கிற தண்ணீரில் இலையைப் போட்டு, பத்து எண்ணுவதற்குள் எடுத்து, ஐஸ் தண்ணீரில் முக்கினால் நிறம் நிற்கிறது என்பது தெரியும். நொதி அடங்குவதற்கு அந்தச் சூடு போதும், மக்னீசியம் கழல்வதற்குப் போதாது.

அதற்கப்புறம் வரிசை இதுதான். ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு கைப்பிடி இலை, காம்பு துளியும் கூடாது. முதல் நாள் இரவே ஊறப்போட்டுத் தோலுரித்த பாதாம் பத்துப் பன்னிரண்டு. ஏலக்காய் இரண்டு. சர்க்கரையை இலையோடு சேர்த்தே அரைக்க வேண்டும்; அதன் பருமணல்தான் இலையை நயமாக நசுக்கும். முதல் அரைப்பு அம்மியில். அந்த அம்மி ஜி.டி. எக்ஸ்பிரஸில் கும்பகோணத்திலிருந்து சென்னை வழியாக வந்தது, கோணிச் சாக்கில் சுற்றி, சீட்டுக்கடியில். பிறகு சுமீத் மிக்ஸியில் கொஞ்சம் பாலோடு ஒரே சுற்று. அதிகம் சுற்றினால் கசக்கும், மிக்ஸி சூட்டில் நிறமும் போகும். அப்பாவின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழிய வேண்டும். காய்ச்சி ஆறவைத்து ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வைத்த பாலில் இதைக் கலப்பது கடைசியில், ஆள் வாசலுக்கு வந்த பிறகுதான். முன்னாலேயே கலந்துவைத்தால் அரைமணியில் நிறம் மங்கும், வாசனை அடங்கும். ஆகவே ஹோலி மதியம் அம்மா சமையலறையைவிட்டு நகரமாட்டாள். நான் வாசலில் நின்று எத்தனை பேர் வருகிறார்கள் என்று விரலைக் காட்ட வேண்டும். ஒரு லோட்டாவிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி ஆற்றுவது போல உயரத் தூக்கி ஆற்றுவாள். நுரைக்கு அவளுக்குத் தெரிந்த வழி அதுதான், மிக்ஸியைவிட அது நன்றாகவே வந்தது.

பால் கிடைப்பது அன்றைய பெரும்பாடு. தில்லி மில்க் ஸ்கீம் 1959-இல் வந்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த டி.எம்.எஸ். பூத்திலிருந்து கண்ணாடிப் பாட்டில் பால், மேலே அலுமினியத் தாள் மூடி. 1974-இல் மதர் டெய்ரி வந்த பிறகு டோக்கனைப் போட்டால் குழாயிலிருந்து நேராகத் தூக்கில் பால் விழுகிற விந்தையும் வந்தது. குழாயில் விழுந்தது டோன்ட் பால், 3 சதவீதக் கொழுப்பு. மில்க் ஷேக்குக்கு அது பற்றாது. புதினாவின் வாசனை எண்ணெயில் இருக்கிறது. அதைப் பிடித்துவைத்துக்கொள்ளப் பாலில் கொழுப்பு வேண்டும். ஹோலிக்கு முந்தைய இரண்டு நாட்களும் தண்டாய்க்கும் குஜியாவுக்கான கோவாவுக்குமாக எல்லா பூத்திலும் வரிசை நீளும். விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போய் நின்றது நானும் அண்ணனும்தான். கொஞ்சம் எருமைப் பாலுக்கு அம்மா தனியாக ஒரு பால்காரரைப் பிடித்துவைத்திருந்தாள். அவர் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவார் என்பது பால்காரரின் மனநிலையைப் பொறுத்தது.

ஒரு குறை மட்டும் எங்களுக்கு இருந்தது. புதினா போட்டால் வாய் சில்லிட வேண்டாமா? அம்மாவின் பாலில் வாசனை இருந்தது, சில்லிப்பு ஐஸால் மட்டும்தான். காரணம் இலையின் சாதி. நாம் சட்னிக்கு வாங்குவது பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதன் மணம் கார்வோன் என்ற பொருளிலிருந்து வருகிறது, மென்தால் அதில் சொற்பம். மென்தால்தான் குளிர்ச்சியை உணரும் நரம்பை ஏமாற்றுகிறது. டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியானும் 2002-இல் தனித்தனியாக அந்த நரம்பிலிருக்கும் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நிஜக் குளிருக்கும் மென்தாலுக்கும் ஒரே கதவு. பல ஆண்டுக்குப் பின் ஒரு ஜூன் மாதம் லக்னோவைத் தாண்டி பாராபங்கி வழியாகப் போனேன். வயல் ஓரங்களில் மென்தாப் பயிரை அவித்து எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கண் எரிகிற அளவுக்கு அந்த வாசனை. உலகத்துப் பெப்பர்மின்டுக்கும் பற்பசைக்கும் போகும் இயற்கை மென்தாலில் பெரும்பங்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் போகிறது. அது வேறு இலை.

எங்களுக்கு அன்று தெரிந்த மென்தால் இரண்டு: பெப்பர்மின்ட் மிட்டாய், மருந்து அலமாரியில் இருந்த புதின் ஹரா. “இதுல ரெண்டு சொட்டு விட்டா என்னம்மா? இதுவும் பச்சைதானே” என்று அண்ணன் கேட்டான்.

“வயித்துவலி மருந்தை எவளாவது பண்டிகைக்குக் கலந்து கொடுப்பாளா? போய்ப் படி.”

மிட்டாயைப் பொடித்துப் போடவும் அனுமதி கிடைக்கவில்லை.

சொன்னால் யாரும் நம்பியதில்லை என்றேனே, அதற்கு ஒரு செக்‌ஷன் ஆபீசர் சாட்சி. எதிர் பிளாக்கில் இருந்தார். கண்டிப்புக்குப் பேர் போனவர். க்வார்ட்டர்ஸ் பையன்கள் அவர் வாசலில் கிரிக்கெட் ஆடமாட்டார்கள். ஒரு ஹோலிக்கு எங்கள் வீட்டில் பாலைக் குடித்தார், நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று வாங்கினார். மூன்றாவது டம்ளரின்போது அப்பாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பிறகு தன் சர்வீஸில் தனக்கு வராமல் போன ப்ரமோஷனைப் பற்றிச் சொல்லி அதற்கும் சிரித்தார். பிறகு ஒரு பழைய சினிமாப் பாட்டு, மிக நன்றாகப் பாடினார். அவர் மனைவி பதறிப்போய் உள்ளே வந்து அம்மாவிடம், “பஹன்ஜி, எவ்வளவு போட்டீங்க?” என்றாள். அம்மா அவளைக் குழாயடிக்கே இழுத்துப் போய்ப் புதினாச் செடியைக் காட்டினாள். மனைவி ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாள். கூடத்தில் பாட்டு இன்னும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்களோ, வெளியே வந்து யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அவர் பழைய கண்டிப்போடு ஆபீஸ் போனார். அடுத்த ஹோலிக்கு முதல் ஆளாக வந்தார்.

நிஜமான பாங்கைப் பற்றிச் சட்டம் சொல்வது விசித்திரம். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பூவையும் பிசினையும் பிடித்தது, தனி இலையை விட்டுவிட்டது. பாங் இலையில் செய்வது. உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு கடை வைத்தே விற்கிறார்கள். இதை எங்களுக்குச் சொன்னவர் மேல்மாடி மதுரா அங்கிள். ஊரில் அவர் வீட்டில் சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் பாங் அரைப்பது ஒரு சடங்கு. எங்கள் பாலை அவர் ஒரு வாய் குடித்ததுமே டம்ளரைக் கீழே வைத்து அம்மாவைப் பார்த்து, இதில் எதுவுமில்லை என்று மரியாதையாக, வருத்தத்தோடு சொன்னார். மொத்தக் குடியிருப்பிலும் அம்மாவை நம்பிய ஒரே மனிதர்.

அவர் மனைவிதான் பாலைத் திருத்தினாள். வாசனை இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, தொண்டையில் ஒன்றும் நிற்கவில்லை என்றாள். ஐந்தாறு மிளகும் ஒரு சிட்டிகை சோம்பும் ஊறவைத்து அரைக்கச் சொன்னாள். சோம்பை அம்மா மறுத்துவிட்டாள். மிளகை மறுக்க எந்தக் கும்பகோணத்துக்காரியாலும் முடியாது. குளிர்ந்த பாலில் மிளகின் காரம் விழுங்கிய பிறகு மெல்ல ஏறும், முன்னால் புதினா, பின்னால் மிளகு. அந்த வருஷத்திலிருந்துதான் அது வெறும் பாலாக இல்லாமல் ஹோலிக்கான பானமாக ஆனது. பதிலுக்கு ஆன்ட்டி தன் தண்டாயைக் காப்பி போல ஆற்றி நுரை கட்டக் கற்றுக்கொண்டாள். தன் வீட்டில் அதை யாரிடம் கற்றேன் என்று சொன்னாளா என்பது சந்தேகம்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு குவாலிட்டி வனிலா செங்கல் வர ஆரம்பித்தது. அண்ணன் அதில் இரண்டு கரண்டி வெட்டிப் போட்டுப் புதினாப் பாலை மிக்ஸியில் சுற்றினான். கெட்டியாக, கெவென்டர்ஸ் பாட்டில் போலவே வந்தது. பிள்ளைகள் எல்லாம் அவன் பக்கம் சாய்ந்தார்கள். பெரியவர்களுக்கு அம்மா ஆற்றியது, எங்களுக்கு அண்ணன் சுற்றியது என்று கடைசி இரண்டு மூன்று ஹோலி போனது. எனக்கு அப்போது அண்ணனுடையதுதான் பிடித்தது. இப்போதும் விருந்தாளிக் குழந்தைகளுக்கு அதையே செய்கிறேன்; ஐஸ்கிரீம் இருந்தால் பாதாமும் வேண்டாம், ஏலமும் வேண்டாம், சர்க்கரையைப் பாதியாக்கலாம். ஆனால் வனிலா வந்ததும் மிளகு தோற்றுவிடுகிறது.

அப்பா ஓய்வு பெற்றதும் க்வார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்கு வந்தோம். நங்கநல்லூரில் ஹோலியன்று யாரும் வாசலுக்கு வருவதில்லை. சௌகார்பேட்டைக்குப் போனால்தான் வண்ணத்தையே பார்க்கலாம். அம்மா அதற்காக நிறுத்தவில்லை. மார்ச் மாதப் பௌர்ணமியன்று புதினா அரைப்பாள், கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் என் கையில் கொடுத்தனுப்புவாள். என்ன விசேஷம் என்று கேட்டால் காமன் பண்டிகை என்று சொல்லச் சொன்னாள். காமனுக்குப் புதினாப் பால் எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கீழ்வீட்டு மாமி ஒரு தரம் கேட்டாள். மந்திர் மார்க் சாஸ்திரத்தில் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது அரைப்பது நான். சென்னைப் புதினா மார்ச்சிலேயே முற்றிவிடுகிறது. ஆகவே இலையைக் குறைத்து, நுனிக் கொழுந்தாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது. பால் விஷயத்தில்தான் எங்களுக்குள் இன்னும் தகராறு. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், வாசனை நன்றாக நிற்கும் என்பது என் கட்சி. அது வாயில் ஒட்டுகிறது, பச்சைப் பாக்கெட்டின் 4.5 போதும் என்பது அம்மாவின் கட்சி. போன தடவை இரண்டிலும் ஒவ்வொரு டம்ளர் செய்து, எது எதுவென்று சொல்லாமல் முன்னால் வைத்தேன். இரண்டையும் குடித்துவிட்டு, “ரெண்டுலயும் மிளகு கம்மி” என்றாள்.